குடிநீர்: தகுதி

வைகறை நிலையம், செவ்வாய்
நீர்ப்பிரிவு நாட்குறிப்பு
எழுதுபவர்: சுகிர்தா, நீர்ப்பொறியாளர்

நாள் 251. 06:30

மீட்டெடுத்த நீர் 1,940 லிட்டர். வடக்கு முகாமிலிருந்து வந்த பனிநீர் 130 லிட்டர். எரிகலம் 92 டிகிரி. பட்டியலில் உள்ள நாற்பத்தொரு பொருள்களும் வரம்புக்குள். குடிநீர்: தகுதி. கையொப்பம்: சுகிர்தா.

குறிப்புகள்: இந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை. எனக்கு அடுத்து இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்காக எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே உங்களுக்கே சொல்கிறேன். மேலே உள்ள நாள் எண் நிலையத்தின் கணக்கு அல்ல, என்னுடையது. பிள்ளை பெற அனுமதி வாங்கி, கருத்தடை ஊசியை நிறுத்திய நாளிலிருந்து எண்ணுகிறேன்.

இங்கே அறுபத்திரண்டு பேர், அதில் முப்பத்தொரு பெண்கள். எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி. மாதவிடாய் கிடையாது, கர்ப்பமும் கிடையாது. ஒரு சமயத்தில் ஒரு தம்பதிக்கு மட்டும் நானூறு நாள் அனுமதி. நாற்பது வயது தாண்டினால் அதுவும் இல்லை. எனக்கு முப்பத்தொன்பது. ஊசியின் பிடி விட்டதும் ஓரிரு மாதத்தில் மாதவிடாய் திரும்பும் என்றார்கள். இருநூற்று ஐம்பத்தொரு நாள் ஆகிறது. ஒரு சொட்டு இல்லை.

நாள் 258. 07:10

எரிகலம் 92. நாற்பத்தொன்றும் வரம்புக்குள். குடிநீர்: தகுதி.

செய்தி வரவு, பூமி மருத்துவப் பிரிவு, டாக்டர் சித்தார்த்தன்: "ரிப்போர்ட் எல்லாம் பாத்தேன்மா. கவலைப்படற மாதிரி ஒண்ணுமில்ல. சிலருக்கு லேட்டாகும். டென்ஷன் ஆகாதீங்க, மனச ரிலாக்ஸா வச்சுக்கங்க. ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிங்க. அது ரொம்ப முக்கியம்."

இந்த மனிதர் இதே செய்தியை ஒருமுறை பதிவுசெய்து வைத்துக்கொண்டு மாதாமாதம் அனுப்புகிறாரோ என்று சந்தேகம். கவலைப்பட ஒன்றுமில்லை என்றால் எதற்கு ரிப்போர்ட்? மூன்று லிட்டர் குடிக்கிறேன். தண்ணீருக்கு நான்தானே அதிகாரி, எனக்கென்ன பஞ்சம்.

நாள் 266. 06:30

எரிகலம் 92. குடிநீர்: தகுதி.

வரவு, கோவில்பட்டி, மாமியார்: "ஏட்டி சுகிர்தா, நல்லாயிருக்கியாம்மா? பால்துரை சாப்புடுதானா? விசேஷம் ஏதும் உண்டுமா? ஞாயித்துக்கெழம சபையில ஒம் பேரச் சொல்லி ஜெபம் வச்சோம். பாஸ்டரு கை தூக்கச் சொன்னாரு, எல்லாரும் தூக்குனாவ. எஸ்தர் மகளுக்கு ரெட்டப் பிள்ள, கேட்டியா."

கேட்டேன் அத்தை. கோவில்பட்டியில் இருநூறு பேர் என் கருப்பைக்காகக் கையைத் தூக்கியிருக்கிறார்கள். வளைகாப்புக்கே இத்தனை பேர் வரமாட்டார்கள்.

என் கணவர் பால்துரை வடக்கு முகாமில் பனி தோண்டும் இயந்திரத்தை ஓட்டுகிறார். ரோவரில் இரண்டு நாள் பயணம். முப்பத்திரண்டு நாளைக்கு ஒரு முறை வந்து நான்கு நாள் இருப்பார். கருமுட்டை எப்போது வரும் என்று தெரிந்தால் அந்த நான்கு நாளை அதற்கேற்ப மாற்றலாம். எனக்குத்தான் எதுவுமே வரவில்லையே. குருட்டாம்போக்கில் எட்டு முறை வந்துவிட்டுப் போய்விட்டார். போன முறை நான் உடம்புச் சூட்டை அளந்து குறித்துவைத்த தாளை அவர் எடுத்துப் பார்த்து, இது எரிகலத்துடையதா என்று கேட்டார். இரண்டு நாள் நான் பேசவில்லை.

நாள் 284. 14:20

எரிகலம் 92. குடிநீர்: தகுதி.

ஷெர்லினை நினைத்துக்கொண்டேன். என்னைவிட நான்கு வயது மூத்தவள், பாறை ஆய்வாளர், மார்த்தாண்டத்துக்காரி. எனக்கு முன்னால் அனுமதி அவளுக்குத்தான் இருந்தது. நானூறு நாளும் இதே அறைக்கு வந்து, இதே பெஞ்சில் உட்கார்ந்து அழுவாள். நான் இஞ்சி டீ போட்டுக் கொடுப்பேன். மனசை லேசாக வைத்துக்கொள், தண்ணீர் நிறையக் குடி என்று சொல்வேன். சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போது என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

நானூறு நாள் முடிந்ததும் அவள் கோப்பில் "உடல் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினார்கள். பூமிக்குத் திரும்பிவிட்டாள். ஈர்ப்பு குறைவு, கதிர்வீச்சு என்று ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். அப்படியானால் ஐந்து வருடம் முன்னால் இங்கே ஒரு பெண்குழந்தை பிறந்ததே, அது எப்படி?

நாள் 296. 11:00. வடக்கு முகாம்

முகாமில் பனி உருக்கும் தொட்டியின் பம்ப் நின்றுவிட்டது. பழுது பார்க்க நானே வந்தேன். இங்கே மொத்தம் மூன்று பேர். மறுசுழற்சி எந்திரம் எதுவும் இல்லை. பனியை உருக்கி, வடிகட்டி அப்படியே குடிக்கிறார்கள். தண்ணீரில் லேசாக இரும்பு வாடை.

பழுது இரண்டு நாள் வேலை. ஆனால் வந்த அன்றே புழுதிப்புயல் கிளம்பிவிட்டது. ரோவர் நகராது.

நாள் 305. 09:15. வடக்கு முகாம்

வந்துவிட்டது.

காலை 08:50. முதலில் நம்பவில்லை. பிறகு உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். பன்னிரண்டு வயதில் வந்தபோது எங்கள் அம்மா புட்டு செய்து கொடுத்தாள், நான் அவமானமாக நினைத்து முகத்தை மூடிக்கொண்டேன். இன்று புட்டு கிடைத்தால் முகாம் முழுக்கப் பரிமாறியிருப்பேன்.

பால்துரை வெளியே இயந்திரத்தில் இருந்தார். அவருடைய விண்வெளி உடையின் அலைவரிசையில் கூப்பிட்டுச் சொன்னேன். பொது அலைவரிசை என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை.

வரவு, துளைப்பு இயந்திரம் 2, பால்துரை: "நெசமாவா? ஏ புள்ள, நெசமாத்தான் சொல்லுதியா? இந்தா எறங்கி வாரேன்."

வரவு, துளைப்பு இயந்திரம் 1: "வாழ்த்துகள் மேடம். ஆனா அவரு இப்ப எறங்கினா ட்ரில் மாட்டிக்கும்."

நாள் 322. 06:30

வைகறைக்குத் திரும்பியாயிற்று. எரிகலம் 92. நாற்பத்தொன்றும் வரம்புக்குள். குடிநீர்: தகுதி.

அடுத்தது 333இல் வர வேண்டும். வந்துவிட்டால் சுற்று ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் இரண்டு வாய்ப்பு கிடைக்கும்.

நாள் 345. 06:30

எரிகலம் 92. குடிநீர்: தகுதி.

வரவில்லை. பன்னிரண்டு நாள் தள்ளிப்போனதால் ஒருவேளை கர்ப்பமோ என்று மூன்று சோதனைப் பட்டைகளை வீணாக்கினேன். மூன்றிலும் ஒற்றைக் கோடு. ஸ்கேன் பார்த்தால் சூலகம் பழையபடி தூங்குகிறது.

வரவு, டாக்டர் சித்தார்த்தன்: "முகாம்ல நீங்க ஹஸ்பண்டோட சந்தோஷமா, ரிலாக்ஸா இருந்திருக்கீங்க. அதான் வந்திருக்கு. திரும்ப வேலைக்கு வந்ததும் ஸ்ட்ரெஸ். மனசுதாம்மா எல்லாம்."

நாள் 349. 15:40

அந்த டாக்டர் பேச்சுக்கு நான்கு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ரிலாக்ஸாம். முகாமில் மொத்தம் இருபத்து நான்கு நாள் கிடந்தேன். அதில் பதினொரு நாள் பால்துரையோடு சண்டை. அவர் குறட்டையில் தூக்கமே இல்லை. கழிப்பறைக் கதவு பாதிதான் மூடும். அங்கே என் மனசு லேசாக இருந்தது என்று சொல்பவரை அந்தக் கழிப்பறையில் ஒரு வாரம் வைக்க வேண்டும்.

கோபத்தில் ஒரு தாள் எடுத்து எழுதினேன். முகாமுக்கும் நிலையத்துக்கும் என்ன வித்தியாசம்? சாப்பாடு: அதே பொட்டலம். காற்று: அதே கலவை. கதிர்வீச்சு: முகாமில்தான் அதிகம். தூக்கம்: அங்கே மோசம். வேலை: அங்கே கடினம்.

தண்ணீர்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முப்பது பெண்கள் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். விண்வெளிக்கென்றே செய்த மருந்து, கதிர்வீச்சிலும் கெடாது, உடம்பிலும் சிதையாது. அது கடைசியில் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். அந்தச் சிறுநீர் என் குழாய்களுக்கு வருகிறது. நான் அதைச் சுத்தம்செய்து தருகிறேன். நாளைக்கு மூன்று லிட்டர் நானே குடிக்கிறேன்.

நாள் 351. 13:05

நாற்பத்தொரு பொருள் பட்டியலில் அந்த மருந்து இல்லை. பட்டியல் போட்டபோது நிலையத்தில் இருந்தது எட்டு ஆண்கள். பிறகு பெண்கள் வந்தோம், ஊசி வந்தது, பட்டியலை யாரும் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு, நேராக இங்கே வந்து தண்ணீருக்குக் கையொப்பம் போட்டவள் நான். அந்த ஊசி எங்கே போகிறது என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

பாறை ஆய்வுக்கூடத்துக் கருவியில் மூன்று மாதிரிகளை ஓட்டினேன். முகாம் பனிநீர்: இல்லை. நிலையக் குடிநீர்: இருக்கிறது. இரண்டாம் முறை: இருக்கிறது. மூன்று லிட்டர் குடிப்பவளின் முட்டையை நிறுத்திவைக்கப் போதுமான அளவு இருக்கிறது.

நாள் 352. 10:30

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

எரிகலம் கடைசிக் கட்டம். மிச்சமிருக்கும் இரசாயனங்களைச் சூட்டில் எரித்து உடைப்பது அதுதான். முதலில் 130 டிகிரியில் ஓடியது. 130இல் அந்த மருந்து உடைகிறது, நேற்று பார்த்துவிட்டேன். 92இல் உடைவதில்லை.

92ஆகக் குறைத்தது நான். நான்கு வருடம் முன்னால். நாற்பத்தொரு பொருளும் 92இலேயே உடைகின்றன, வீணாக ஒன்பது கிலோவாட் எதற்கு என்று ஆறு பக்க அறிக்கை எழுதினேன். கை தட்டினார்கள். சிக்கனச் சான்றிதழ் இந்த மேசைக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. அதற்குக் கிடைத்த மதிப்பெண்ணில்தான் எனக்கு இந்த அனுமதியே கிடைத்தது.

அந்தப் பெண்குழந்தை பிறந்தது அதற்கு முன்னால். ஷெர்லினின் நானூறு நாள் அதற்குப் பின்னால். அவள் அழுதபோது நான் போட்டுக் கொடுத்த டீயும் இந்தத் தண்ணீரில்தான்.

நாள் 353. 12:00

எரிகலம் 92. குடிநீர்: தகுதி. கையொப்பம் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று கேட்பீர்கள். சொன்னால் விசாரணை. விசாரணையில் இருப்பவருக்கு அனுமதி ரத்து, உடனே ஊசி. வரிசை மறுபடி என்னிடம் வருவதற்குள் எனக்கு நாற்பது தாண்டிவிடும். சொல்லாமல் இருந்தால் இன்னும் நாற்பத்தேழு நாள் இருக்கிறது.

பால்துரையிடம் தனி அலைவரிசையில் எல்லாம் சொன்னேன்.

வரவு, வடக்கு முகாம், பால்துரை: "சுகி, நான் சொல்லுதத கேளு. இப்ப வாயத் தொறக்காத. பனித்தண்ணி அறுவது லிட்டர் கேன்ல ஏத்தி அனுப்புதேன், நீ அத மட்டும் குடி. நமக்கு ஆனபெறவு சொல்லிக்கிடலாம். நாலு வருசம் ஓடிப்போச்சு. இன்னும் நாப்பது நாள்ல யாருக்கு என்ன நட்டம்?"

எனக்கும் அதே நினைப்புதான். அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்.

நாள் 362. 07:00

எரிகலம் 92. குடிநீர்: தகுதி.

கேன் தண்ணீர் குடிக்க ஆரம்பித்து ஏழாம் நாள். இன்று காலை மாதவிடாய் வந்தது. இனி எந்தச் சந்தேகமும் இல்லை.

கணக்கு: 373 முதல் 378 வரை வாய்ப்புள்ள நாட்கள். பால்துரை 374இல் வருகிறார். முதன்முறையாகக் கணக்கு நேராக விழுகிறது. கேனைக் கட்டிலுக்கு அடியில் துணி போட்டு மறைத்து வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் குழாயில் பிடித்துக் குடிக்கும்போது நான் தம்ளரை வெறுமனே உதட்டில் வைத்து எடுக்கிறேன். நீர்ப்பொறியாளருக்கு வந்த பிழைப்பு இது.

நாள் 368. 16:10

எரிகலம் 92. குடிநீர்: தகுதி.

வரவு, மார்த்தாண்டம், ஷெர்லின்: "மக்கா சுகி, எப்படி இருக்கே? இங்க மூணாவது தடவை பாத்த சிகிச்சையும் தோத்துப் போச்சு மக்கா. வயசு ஆயாச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு. இனி வேண்டாம்னு விட்டாச்சு. அங்க இருக்கும்போ ஆயிருக்கணும், அப்பவே எனக்க உடம்பு சரியில்ல பாத்தியா. எனக்க உடம்புதான் என்னைய ஏமாத்திப்போட்டு. உனக்கு ஆவும், நீ விசாரப்படாத. நீ எனக்குச் சொன்னத உனக்கே சொல்லுதேன். மனச லேசா வச்சுக்க. தண்ணி நெறைய குடி."

நான்கு முறை கேட்டேன். ஐந்தாம் முறை கேட்க முடியவில்லை.

நாள் 369. 11:30

எரிகலம் 92. குடிநீர்: தகுதி. இன்று கையொப்பம் கோணலாக விழுந்தது.

நிலோஃபர் வந்தாள். பசுமைக்கூடத்தில் வேலை செய்யும் பெண், வயது இருபத்தொன்பது. எனக்கு அடுத்த அனுமதி அவளுக்கு. முன்கூட்டியே உடம்பு தயாராகட்டும் என்று ஊசியைப் போன மாதமே நிறுத்திவிட்டாளாம். எனக்கு ஏதாவது யோசனை சொல்லுங்கள் அக்கா என்று அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் குழாய்த்தண்ணீர் பாட்டில். இப்போதிருந்தே மூன்று லிட்டர் குடிக்கிறாளாம், டாக்டர் சொன்னாராம்.

மனசை லேசாக என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன். தலைவலி என்று அவளை அனுப்பிவிட்டேன். அவள் குடித்து மீதம் வைத்த பாட்டில் இந்த மேசையில்தான் இருக்கிறது.

நாற்பது நாளில் யாருக்கு நட்டம் என்று கேட்டோமே. எனக்குக் குழந்தை பிறந்தால் அதன்பின் மட்டும் சொல்லிவிடுவேனா? கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஷெர்லினிடம்? மாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நாள் 370. 06:30

மீட்டெடுத்த நீர் 1,915 லிட்டர். எரிகலம் 92. நாற்பத்தொரு பொருள்களும் வரம்புக்குள். நாற்பத்திரண்டாவது பொருள்: கருத்தடை ஊசி மருந்து, இருக்கிறது.

குடிநீர்: தகுதியில்லை. காரணம்: நான்கு வருடம் முன்னால் நான் எழுதிய அறிக்கை. இணைப்பில் காண்க. கையொப்பம்: சுகிர்தா.

06:50 நிலையத் தலைவருக்கு அனுப்பினேன். 07:05 ஷெர்லினுக்கும். அவளுக்கு அனுப்பியதில் மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். பால்துரைக்குக் கடைசியில்தான் சொன்னேன்.

நாள் 371. 17:00

வரவு, நிலையத் தலைவர்: "எரிகலத்துக்கு மின்சாரம் ஒதுக்கியாச்சு. இன்னைக்கே 130க்கு ஏத்திடுங்க. விசாரணை முடியற வரைக்கும் உங்க அனுமதி ரத்து. நாளன்னைக்குக் காலைல பத்து மணிக்கு ஊசிக்கு வந்துடுங்க. ஸாரி சுகிர்தா. ரூல்ஸ் அப்படி."

வரவு, வடக்கு முகாம், பால்துரை: "நாளைக்கு கெளம்புததுக்கு கேனெல்லாம் ஏத்தி வச்சிருந்தேன். எறக்கிட்டேன்."

நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

வரவு, மார்த்தாண்டம், ஷெர்லின்: "கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். எனக்கு உன்ட்ட பேச ஒண்ணும் இல்ல சுகி. இத்தற வருஷமா நான் எனக்க உடம்ப ஏசிட்டே கெடந்தேன். கண்ணாடியில பாக்க மாட்டேன். இன்னைக்குக் காலையில கண்ணாடி முன்னால போய் நின்னேன். அதுட்ட மட்டும் மன்னிப்பு கேட்டேன். நீ எனக்கு இனி செய்தி அனுப்பண்டாம்."

மக்கா என்று சொல்லவில்லை.

நிலைய நாள் 3,306. 06:30

என் எண்ணிக்கையில் இது 374. இனி அந்த எண் எதற்கு?

நேற்று 10:00 மணிக்கு ஊசி. இடது கை. இன்னும் வலிக்கிறது. இன்று பால்துரை வருவதாக இருந்தது. ரோவர் வரவில்லை, செய்தியும் வரவில்லை.

வரவு, கோவில்பட்டி, மாமியார்: "ஏட்டி, ஏன் ரெண்டு நாளா சத்தத்தையே காணும்? விசேஷம் ஏதும் உண்டுமா?"

சான்றிதழைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் புதுப் பட்டியலை ஒட்டியிருக்கிறேன். உங்களுக்குத்தான். புதிதாக யாருக்காவது ஏதாவது மருந்து கொடுத்தால் இதைத் திறந்து எழுதுங்கள்.

இனி என் மருந்தும் இந்தக் குழாயில்தான் வரும். வெளியே நிலோஃபர் காலிப் பாட்டிலோடு நிற்கிறாள். நான்கு நாளாக எல்லோரும் சேமிப்பிலிருந்த பனிநீரைத்தான் அளந்து குடிக்கிறார்கள்; நான் கையொப்பம் போட்டால்தான் குழாய் திறக்கும்.

மீட்டெடுத்த நீர் 1,938 லிட்டர். எரிகலம் 130 டிகிரி. நாற்பத்தொரு பொருள்களும் வரம்புக்குள். நாற்பத்திரண்டாவது: இல்லை.

மறுபடி ஓட்டினேன். இல்லை.

குடிநீர்: தகுதி.

கையொப்பம்: